பழைய எஞ்சினுக்கு இன்னும் எத்தனை குதிரை?

வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், மேற்கே மலை. கடல் எந்தத் திசையிலும் கிடையாது. தூத்துக்குடிக் கரைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் அவர் முன்னால் ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்தில் கிளம்பி, செங்கோட்டையைத் தாண்டி, மலையேறி இறங்கிக் கொல்லத்தில் போய்த்தான் நிற்கிறது. அந்தக் கொல்லத்தை ஒட்டிய நீண்டகரையில்தான் 1953-ல் இந்தோ-நார்வே திட்டம் வேலையை ஆரம்பித்தது. நம் பக்கத்துக் கடலில் மீனவர் படகுக்கு எஞ்சின் பூட்டுவது ஓர் அரசுத் திட்டமானது அங்கேதான்.

துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் எஞ்சின் வந்து எழுபது வருஷம் ஓடிவிட்டது. குமரிக் கரையிலும் தூத்துக்குடிக் கரையிலும் எஞ்சின் இல்லாத வள்ளத்தை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். வள்ளத்தின் பின்பலகையில் தொங்குகிற அவுட்போர்டு மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, பழைய இழுப்பு இல்ல. முன்னைவிட ஒரு பிடி கூடவே ஏத்திக் குடுங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. எஞ்சினிடம் முன்பு இருந்து போன சக்தியை மீட்பது ஒன்று. கம்பெனி கொடுக்காத சக்தியை வரவழைப்பது மற்றொன்று. மெக்கானிக் இரண்டுக்கும் ஒரே ஸ்பேனரைத்தான் எடுக்கிறார், ஒரே பில்தான் போடுகிறார். முதல் வேலைக்குக் கொடுத்த காசு வீண் போகாது. இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

கரைக்கு வந்த கதை

அவுட்போர்டு என்பது எஞ்சின், தண்டு, கியர், விசிறி எல்லாம் ஒரே காலில் அமைந்த பொறி. படகின் பின்பலகையில் இரண்டு திருகால் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் என்பவர் 1905 வாக்கில் இப்படியொன்றைச் செய்து ஓட்டினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் செய்த ஒன்றரை எச்.பி. மோட்டார்தான் சந்தையைப் பிடித்தது. ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப் போனதால் அவருக்கு இந்த யோசனை வந்தது என்றொரு கதை உண்டு. ஜப்பானில் யமஹா தன் முதல் அவுட்போர்டை 1960-ல் கொண்டுவந்தது. எவின்ரூட் பெயரில் எஞ்சின் தயாரிப்பது 2020-ல் நின்றுபோனது. பழைய எவின்ரூட், ஜான்சன் எஞ்சினுக்குப் பாகம் கிடைக்காதபோது ஒரு வழி, இன்னொரு செத்த எஞ்சினைப் பிரிப்பது.

நீண்டகரைத் திட்டம் சிறு படகுகளில் தொடங்கி, இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்ததும் இழுவைமடிப் படகுகளின் பக்கம் சாய்ந்தது. அந்த விசைப்படகுகள் கரையோரக் கடலை அரிக்க, கட்டுமரக்காரர்களுக்கும் அவர்களுக்கும் எழுபதுகளில் கடலிலேயே சண்டை மூண்டது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்ததன் பின்னணி அதுதான். பக்கத்தில் மீன் குறைந்தது, தூரம் போக வேண்டும், பாய் போதவில்லை. எண்பதுகளில் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் அவுட்போர்டு ஏறியது ஆசையால் மட்டுமல்ல.

குமரி மாவட்டம் முட்டத்தில் நடந்ததைத் தனியே சொல்ல வேண்டும். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் எழுபதுகளில் அங்கே ஒரு படகுகட்டும் நிலையம் நடத்தியது. பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் மீனவர்களோடு உட்கார்ந்து, கட்டுமரத்துக்கு மாற்றாகப் பிளைவுட் படகுகளைச் செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை அவர் 1985-ல் புத்தகமாக எழுதியபோது வைத்த தலைப்பு ‘சிறியது கடினம்’ என்ற பொருளில் இருந்தது. சிறியதே அழகு என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்துக்கு அது ஒரு குத்தல். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதோடு அவுட்போர்டு இறக்குமதியையும் பழுதுபார்ப்பையும் கையில் எடுத்தது. எஞ்சின் விற்கிறவன் வேறு, கடலில் நின்றுபோனால் கேட்க ஆளில்லை என்ற நிலை ஓரளவு மாறியது அதனால்தான். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் எஞ்சினோடு சேர்ந்தே வந்தன. கட்டுமரத்தின் காலம் பல ஊர்களில் அத்தோடு முடிந்தது.

உப்பு தின்ற போல்ட்

கடலில் பத்து வருஷம் ஓடிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரிப்பது, ராஜபாளையத்து மில் மோட்டாரையோ கிணற்றடி ஆயில் எஞ்சினையோ பிரிப்பது போல் அல்ல. இங்கே எதிரி தூசி, அங்கே உப்பு. எஞ்சினைக் குளிர்விப்பதே கடல்தண்ணீர்தான். காலின் அடியில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சிச் சிலிண்டரைச் சுற்றி அனுப்ப, ஓரமாகச் சின்ன நீர்த்தாரை பீய்ச்சும். தாரை மெலிந்தால் ஆபத்து என்று வள்ளத்தில் ஏறிய சிறுவனுக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் ஓடுகிற சந்துகளில் உப்பு படிந்து இறுகுகிறது. அலுமினியச் சிலிண்டரும் அதில் இறங்கிய எஃகு போல்ட்டும் உப்பின் துணையோடு ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கின்றன.

அவசரக்காரன் ஹெட் போல்ட்டில் கைவைத்தால் தலை மட்டும் தனியாக வரும். பிறகு உடைந்த தண்டைத் துளைத்து எடுத்து, புதுசாக மரை போட வேண்டும். அதற்கே ஒரு நாள் கூலி. கைதேர்ந்தவர் முதலில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போடுவார். காலையில் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை டார்ச்சால் சூடு காட்டுவார். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. ஸ்பேனரைப் போட்டதும் கழற்றும் பக்கம் திருப்ப மாட்டார், இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு. ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பிடி விட்டதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் அரைச் சுற்றுத் திறப்பார், கால் சுற்று மூடுவார், மறுபடி திறப்பார். இதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். செய்ய இன்னும் வேண்டும்.

ஹெட்டைத் தூக்கினால் எஞ்சினின் ஜாதகம் தெரியும். மண்ணெண்ணெயில் ஓடியது என்றால் பிஸ்டன் தலையில் கன்னங்கரேலென்று கரி அப்பியிருக்கும். வெளியேற்று வாசல் கரியால் பாதி அடைந்திருக்கும். ரிங் தன் பள்ளத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும். இங்கேதான் காணாமல்போன குதிரைகள் பாதி கிடைக்கின்றன. கரியைச் சுரண்டி, வாசலைத் திறந்து, ரிங்கை மாற்றினாலே எஞ்சினின் குரல் மாறிவிடும்.

அடுத்தது சிலிண்டரின் தேய்மானம். லேத் பட்டறையில் கொடுத்துப் போர் அடித்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் எஞ்சின் ‘பெரிசாகி’ சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யமஹாவின் பழைய 15 எச்.பி. இரட்டைச் சிலிண்டரில் துளையின் விட்டம் 56 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 246 சி.சி. விட்டம் 56.5 ஆனால் கொள்ளளவு கூடுவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. போர் அடித்ததும் இழுப்பு கூடுவது உண்மைதான். அது பெரிசானதால் வந்த இழுப்பல்ல, கசிவு நின்றதால் வந்த இழுப்பு.

டூ ஸ்ட்ரோக்கில் கசியும் இடங்கள் இரண்டு. பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் கசிவது எல்லோருக்கும் தெரியும். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் அறையிலும் அழுத்தம் நிற்க வேண்டும். காற்றும் எரிபொருளும் முதலில் அங்கேதான் வந்து, அங்கிருந்துதான் மேலே தள்ளப்படுகின்றன. கிராங்க்கின் எண்ணெய் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவை மெலியும், சூடு ஏறும், ஒருநாள் நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புது பிஸ்டன் போட்டு, சில நூறு ரூபாய் சீலை மாற்றாமல் விட்ட எஞ்சின் திரும்ப வருவது இதனால்தான். கார்பரேட்டருக்குப் பின்னால் இருக்கிற ரீடு வால்வின் மெல்லிய தகடுகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நுனியில் சில்லுப் பெயர்ந்திருந்தாலோ, மூடியபடி நிற்காமல் இடைவெளி தெரிந்தாலோ, மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் திணறும்.

ரிங் மாட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுற்றலாம். இதில் சுற்றக் கூடாது. ரிங்கின் வாய் வாசலுக்கு நேரே வந்தால் அங்கே சிக்கி ஒடியும். அதற்காகவே பள்ளத்துக்குள் ஒரு சின்ன முளை வைத்திருக்கிறார்கள், ரிங்கின் வாய் அந்த முளையில் உட்கார வேண்டும். விரலால் தடவிப் பார்த்துத்தான் சிலிண்டரை இறக்குவார்கள். கண்ணுக்கு இங்கே வேலை குறைவு.

ஹெட்டின் முகம் வளைந்திருந்தால், தடிமனான கண்ணாடியின் மேல் எமரித்தாளை ஒட்டி, எட்டு போட்டபடி தேய்ப்பார்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும்வரை. இதுவரைக்கும் மீட்பு வேலை. இதற்கு மேல் தேய்த்தால் அது வேறு வேலை.

ஒரே எஞ்சின், இரண்டு பெயர்

சக்தி கூட்டும் ஆசைக்குக் கம்பெனிகளே விதை போட்டிருக்கின்றன. யமஹாவின் பழைய 9.9-ம் 15-ம் ஒரே 246 சி.சி. ஜான்சனிலும் எவின்ரூட்டிலும் எழுபதுகளில் வந்த 9.9-க்கும் 15-க்கும் ஒரே சிலிண்டர்தான், முக்கிய வித்தியாசம் கார்பரேட்டரில் இருந்தது. வெளிநாட்டில் பல ஏரிகளில் பத்து எச்.பி.க்கு மேல் அனுமதி இல்லாததால், மூச்சை அடக்கி 9.9 என்று பெயர் போட்டு விற்றார்கள். ஆக, 15-ன் கார்பரேட்டரை 9.9-ல் மாட்டி அடைத்த மூச்சைத் திறந்துவிடுவது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த வித்தை. இதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சிலிண்டரும் கிராங்க்கும் 15-ஐத் தாங்கவே செய்யப்பட்டவை.

வம்பு அதற்கு அடுத்த படியில்தான். ஹெட்டை மில்லிங் செய்து அழுத்தம் கூட்டுவது, வெளியேற்று வாசலை ஒரு மில்லிமீட்டர் மேலே ராவுவது, பற்றவைப்பை முன்தள்ளுவது. ராஜபாளையம் தெருக்களில் ஆர்.எக்ஸ். 100-ஐச் சீற வைத்த பையன்களுக்கு இந்த மூன்றும் அத்துப்படி. அதுவும் யமஹா, அதுவும் டூ ஸ்ட்ரோக், 98 சி.சி.யில் 11 எச்.பி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டிக்கு இன்னும் இவ்வளவு மவுசு இருப்பது அந்தச் சீற்றத்தால்தான்.

பைக்கில் செல்லுபடியாவது படகில் ஏன் செல்லாது? வாசலை உயர்த்தினால் எஞ்சினின் உச்ச பலம் மேல் சுற்றுக்கு ஏறும், கீழ்ச் சுற்றில் இருந்த இழுப்பு போகும். பைக்கில் கியர் இருக்கிறது, குறைத்துப் பிடித்துச் சுற்றை ஏற்றிக்கொள்ளலாம். அவுட்போர்டில் முன்னே போக ஒரே கியர். எஞ்சின் ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றினால் விசிறி ஒன்று சுற்றும், அவ்வளவுதான். வலையும் பனிக்கட்டியும் நாலு ஆளுமாக நிறைந்த வள்ளம் அலையை ஏறித் தாண்ட வேண்டிய நொடியில் தேவைப்படுவது கீழ்ச் சுற்று இழுப்பு. அதை ராவி எறிந்துவிட்டு மேலே ஆயிரம் சுற்றில் கிடைக்கிற பலத்தை யாருக்குக் காட்டுவது? வெட்டிய உலோகத்தை மறுபடி ஒட்டவும் முடியாது.

அழுத்தம் கூட்டுவதில் இன்னொரு வம்பு, எரிபொருள். நம் கரையில் பாதிக்கு மேல் பேச்சு மண்ணெண்ணெய் எஞ்சினைப் பற்றியது. இந்த எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்குத் திரும்புமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவார்கள், மறுநாள் கிளப்பக் கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்க வேண்டுமே. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. பொறியிலிருந்து நெருப்பு முழுக்கப் பரவுமுன்பே மீதிக் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அதனால்தான் கம்பெனியே இந்த ரகத்துக்கு அழுத்தத்தைக் குறைத்து ஹெட்டை அமைக்கிறது, சக்தியும் அதற்கேற்பக் குறைகிறது. அந்த ஹெட்டை மில்லிங் செய்கிறவர், கம்பெனி தெரிந்தே வைத்த பாதுகாப்பை அரைத்து எடுக்கிறார். முதல் வாரம் பறக்கும். பிறகு பிஸ்டன் தலையில் ஊசி குத்தினது போல் ஓட்டை விழும்.

விசிறியில் இருக்கிறது மீதி

பட்டறைக்காரர் சொன்னாலும் உடைமைக்காரர் காதில் ஏறாத ஒன்று விசிறியின் கணக்கு. இந்த எஞ்சின்கள் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை ஓட வேண்டியவை. சுமையோடு கடலில் 4000-ஐத் தாண்டவில்லை என்றால் எஞ்சினில் குறை இல்லாமலும் இருக்கலாம். விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், கூடுதலாக இருக்கும், அல்லது இதழ் ஓரம் மணலில் மோதி மடங்கியிருக்கும். இதழை நேராக்கினால், ஓரிரு அங்குலம் குறைந்த பிட்ச் மாட்டினால், எஞ்சின் தன் சுற்றுக்கு ஏறித் தன் முழு பலத்தைக் கொடுக்கும். சிலிண்டரைத் தொடாமலே. அடிப்பக்கம் பாசியும் சிப்பியும் ஏறிய வள்ளத்தைக் கவிழ்த்துச் சுரண்டினாலும் இதே பலன். ஆனால் விசிறியை மாற்றினேன் என்று சொல்வதில் கெத்து இல்லை.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சுமைப் படகில், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. பத்தை ஐந்து கூட்டிப் பதினைந்தாக்கினால் வேகம் கூடுவது நூற்றுக்குப் பதினைந்துக்குள்தான். எண்ணெய்ச் செலவோ ஒன்றரை மடங்கு. டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் எச்.பி. ஒன்றுக்கு மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். வெறும் வள்ளம் தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கினால் கணக்கு மாறும், கூடுதல் ஐந்து எச்.பி. அங்கே பெரிய வித்தியாசம் காட்டும். மீன் ஏற்றித் திரும்புகிற வள்ளம் சறுக்குவதில்லை.

கிணறும் கடலும்

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் எச்.பி. கேட்கிறார்கள்? வன்னியம்பட்டிப் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் பதில் வரும். கமலை இறைத்த கிணற்றில் ஆயில் எஞ்சின் வந்தது, நிமிஷத்துக்கு 650 சுற்றில் நிதானமாகத் தட்டும் லிஸ்டர் ரகம். அப்புறம் கரண்டு மோட்டார். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததும் ஆயில் எஞ்சின்கள் கொட்டகை மூலைக்குப் போயின. தண்ணீர் கீழே போகப் போக மூன்று எச்.பி. ஐந்தாகி, ஐந்து ஏழரையாகி, கடைசியில் போர் குழிக்குள் மோட்டாரே இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பத்து போட்டபின் நான் ஐந்தோடு இருந்தால் என் தண்ணீரும் அவனுக்குத்தான்.

கடலிலும் இதே ஓட்டம். முன்னால் போய்ச் சேர்கிற வள்ளத்துக்கு மீன்பாடு, முன்னால் கரைக்கு வருகிற வள்ளத்துக்கு ஏலத்தில் விலை. ஒருவர் 9.9-ஐ 15 ஆக்கினால் அந்த ஊரில் 15 தான் இனி அளவு. பெரிய படகுகளில் இது இன்னும் மோசம். சென்னைக் காசிமேட்டில் சீனத்து அதிவேக எஞ்சின் பூட்டிய விசைப்படகுகளை எதிர்த்துப் போராடியது வெளியாட்கள் அல்ல, சக மீனவர்களே. தமிழக அரசின் 2020-ஆம் ஆண்டு விதிகள் விசைப்படகு எஞ்சினுக்கு 240 எச்.பி. என்று உச்சவரம்பு வைத்தன. வள்ளத்து அவுட்போர்டைப் பட்டறையில் ஏற்றுவதை எந்த அதிகாரி எப்படி அளப்பார்? எஞ்சின் மூடியில் ஒட்டியிருக்கிற எண் 9.9 என்றே இருக்கும்.

சொந்த முடிவாக ஒன்று சொல்லலாம். வரம்பு வைப்பதானால் எஞ்சினில் வைப்பதைவிட ஏலக்கூடத்தில் வைப்பது சுலபம். எல்லா வள்ளமும் ஒரே நேரம் கிளம்பி ஒரே நேரம் திரும்ப வேண்டும் என்று ஊர்க்கமிட்டி தீர்மானித்தால், கூட்டிய ஐந்து எச்.பி.க்குப் பலன் அன்றைக்கே பாதி போய்விடும். ஊர்க்கமிட்டி சொல்லுக்குக் கடற்கரையில் இன்னும் மதிப்பிருக்கிறது.

பத்து மணி நேரம்

பிரித்துக் கட்டிய எஞ்சினில் கடைசி வேலை பட்டறையில் நடப்பதில்லை. புது ரிங்கும் புதுத் துளையும் ஒன்றோடு ஒன்று உரசிப் பழக வேண்டும். முதல் பத்து மணி நேரம் எண்ணெயை இரட்டிப்பாக்க வேண்டும். வழக்கமாக லிட்டருக்கு 20 மில்லி என்றால் இப்போது 40. தொடக்கத்தில் பாதித் திறப்புக்கு மேல் போகக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் கூடாது. முழு வேகம் கடைசி சில மணி நேரத்தில், அதுவும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் மட்டும். நடுவில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பிப் பொடி நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கரேலென்று ஈரமாக இருந்தால் கொழுப்பு.

விசைப்படகுக்காரருக்கு இதற்கு நேரம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், எஞ்சினைப் பிரித்துப் போட்டுச் சாவகாசமாகக் கட்டலாம். வள்ளத்துக்காரருக்கு அந்தத் தடை இல்லை. மாறாக, பெரிய படகுகள் கரையில் கட்டிக் கிடக்கிற அந்த இரண்டு மாதம்தான் அவர் மீனுக்கு நல்ல விலை. எஞ்சினைப் பட்டறையில் விட அவர் ஒத்துக்கொள்கிற காலம் அது அல்லவே அல்ல. காற்றும் கடலும் மோசமாகி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களில் கொண்டுவருவார். கடல் தணிந்தது என்று செய்தி வந்த ராத்திரியே வந்து நிற்பார். சீல் மாற்றியாயிற்று, ரிங் உட்கார்ந்தாயிற்று, விசிறியும் நேராக்கியாயிற்று. மெக்கானிக் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: பத்து மணி நேரம், பாதித் திறப்பு. அவர் தலையாட்டிக்கொண்டே எஞ்சினைத் தோளில் ஏற்றுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு ஊர் வள்ளம் முழுக்கக் கிளம்பும்போது பாதித் திறப்பில் கடைசியாகப் போகிறவர் எத்தனை பேர் என்பது, அடுத்த மாதம் பட்டறைக்குத் திரும்பி வருகிற எஞ்சின்களின் பிஸ்டனில் தெரியும்.